இடது பக்கத்துக்கு ஓர் ஆள்

எங்கள் ஆட்களிடம் காற்பந்து பற்றிப் பேச்செடுத்தால் எல்லோரும் ஸ்ட்ரைக்கர். மூச்சு வாங்க மாடிப்படி ஏறி வந்து ரொட்டி சானாய் பிய்க்கிற பெரியவரும் தன் காலத்தில் ஸ்ட்ரைக்கர்தான். தற்காப்பில் ஆடினேன் என்று பெருமையாகச் சொன்ன ஒருவரைக்கூட நான் கிள்ளானில் பார்த்ததில்லை. ஓட முடியாதவன், தொப்பை போட்டவன், நேற்றுத்தான் பூட்ஸ் வாங்கியவன், இவர்களையெல்லாம் பின்னால் நிறுத்துவார்கள். அப்புறம் வரிசையாகக் கோல் வாங்கிக்கொண்டு கோல் காவலனைப் பிடித்துத் திட்டுவார்கள். இதைப் பார்த்துப் பார்த்தே எனக்கு ரத்தக் கொதிப்பு வந்தது. டாக்டர் உப்பைக் குறைக்கச் சொல்கிறார். உப்பா காரணம்?

நான் கிள்ளானில் ஓர் இடைநிலைப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியை. கல்யாணத்துக்கு முன்பு மாநிலப் பெண்கள் அணியில் ஆடியிருக்கிறேன், தற்காப்பில். நான் பிறந்த ரப்பர் தோட்டம் இன்று இல்லை. அந்த இடத்தில் அடுக்குமாடி கொண்டோக்களும் ஒரு பேரங்காடியும் நிற்கின்றன. அங்கிருந்த ஜனங்கள் பூச்சோங், சுங்கை வே, காப்பார் என்று மூலைக்கு ஒருவராகச் சிதறிப் போனார்கள். ஆனால் தோட்டத்தின் காற்பந்து அணி மட்டும் சாகவில்லை. இப்படி இல்லாமல் போன தோட்டங்களின் அணிகளுக்கென்றே வருடத்துக்கு ஒரு முறை கிள்ளானில் கிண்ணப் போட்டி நடக்கிறது. ஆடுகிறவன் அந்தத் தோட்டத்துப் பிள்ளையாக இருக்க வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை. யார் தோட்டத்துப் பிள்ளை என்பதை அந்தந்த அணியே முடிவு செய்துகொள்ளும். ஏற்பாட்டாளர்கள் அடையாள அட்டையைப் பார்ப்பார்களே தவிர, அப்பன் பாட்டன் கதையெல்லாம் கேட்கமாட்டார்கள்.

பழைய பயிற்றுநர் கோபித்துக்கொண்டு போனதும் எங்கள் அணித் தலைவர் என் வீட்டுக்கு வந்தார். கட்டட கான்ட்ராக்டர். எப்போதும் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. சத்தமாகப் பேசவே மாட்டார். அந்த மெதுவான குரலுக்குப் பயந்தே பாதிப் பேர் அவரை எதிர்த்துப் பேசுவதில்லை.

"டீச்சர், நீங்க நம்ம தோட்டத்துப் பொண்ணு. நீங்க வந்தாதான் டீம் நிமிரும்" என்றார்.

நம்ம தோட்டத்துப் பொண்ணு. அந்த ஒரு சொல்லுக்கு மயங்கித்தான் சரி என்றேன்.

முதல் வாரமே தெரிந்துவிட்டது, வியாதி பின்னால்தான். நான்கு பேர் ஒரே கோட்டில் கொடிக்கம்பம் மாதிரி நிற்பார்கள். ஓரத்தில் நிற்கும் இரண்டு பேரும் ஓடமாட்டார்கள். எதிரணி பந்தை ஓரத்துக்கு அடித்துவிட்டு ஓடி வந்தால் போதும், கோல். அதனால் தற்காப்பை மாற்றினேன். பின்னால் மூன்றே பேர், மூவருமே உயரமான, நிதானமான ஸ்டாப்பர்கள். இரண்டு ஓரத்திலும் மேலும் கீழும் ஓட நுரையீரல் உள்ள இரண்டு பேர். ஓரத்துக்காரன் தாக்குதலுக்குப் போய்விட்டால் பக்கத்து ஸ்டாப்பர் தன் இடத்தை விட்டு வெளியே வந்து அந்தக் காலி இடத்தை அடைக்க வேண்டும். கேட்க எளிதாகத்தான் இருக்கிறது. ஆள் வேண்டுமே?

நடு ஸ்டாப்பருக்கு எங்கள் கேப்டன் இருந்தார். லோரி ஓட்டுகிறவர். திடலின் இந்த முனையில் கத்தினால் அந்த முனையில் கேட்கும். வலது பக்கத்துக்கு சுங்கை வே தொழிற்சாலையில் வேலை செய்யும் ஒருவரைப் பிடித்தேன். ஷிப்ட் மாற்றிக்கொண்டு பயிற்சிக்கு வருவதாகச் சொன்னார், சொன்னபடி வந்தார். இடது பக்கம்தான் என் உயிரை எடுத்தது.

இடது ஸ்டாப்பருக்கு இடது கால் வேண்டும். வலது காலன் அங்கே நின்றால், பந்து கிடைத்ததும் உள்பக்கமாகத் திரும்புவான். அதற்குள் எதிராளி மேலே விழுந்துவிடுவான். பதறிப்போய் பந்தைக் கண்ணை மூடிக்கொண்டு வானத்துக்கு அடிப்பான். பார்வையாளர்கள் கைதட்டுவார்கள். அந்தக் கைதட்டலைக் கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். தோட்டத்துக்குள்ளேயே வாழ்க்கைப்பட்ட தலைவரின் அக்காவுக்கு ஒரு மகன். பல வருடமாக எங்கள் இடது பக்கத்தில் நின்று இதைத்தான் செய்துகொண்டிருந்தார். நல்ல மனிதர், குணத்தில் ஒரு குறை சொல்ல முடியாது. ஆனால் இடது கால் அவருக்கு நிற்பதற்கு மட்டும்தான்.

பூச்சோங்கில் ஒரு ஃபுட்சால் கூடத்தில் ஓர் இடது காலன் இருப்பதாகக் கேள்விப்பட்டுப் போனேன். கால் என்னவோ தங்கக் கால்தான். "தம்பி, ஸ்டாப்பர் ஆடுறியா?" என்று கேட்டதும் நான் ஏதோ கக்கூஸ் கழுவக் கூப்பிட்ட மாதிரி முகம் சுளித்தார்.

"டிஃபென்ஸா? டீச்சர், என் இன்ஸ்டா பாருங்க. ஃபுல்லா கோல்தான் லா."

"கோல் வாங்குறதையும் ஒரு வீடியோ எடுத்துப் போடு" என்று சொல்லிவிட்டுக் காரை எடுத்தேன்.

அடுத்து பிரிக்ஃபீல்ட்ஸ். அங்கே பூக்கடை வைத்திருக்கும் ஒருவர் எங்கள் தோட்டத்தில் மேட்டு லயத்து வரிசை வீடுகளில் இருந்தவர், இடது கால். மாலை கட்டிக்கொண்டே நான் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார். பிறகு வேட்டியை விலக்கி முழங்காலைக் காட்டினார். ஆபரேஷன் தழும்பு.

"நான் ஆடுனா உங்களுக்கு மேட்ச்சும் போயிடும், எனக்கு முட்டியும் போயிடும். எங்க அத்தை மகன் ஒருத்தன் காப்பார்ல இருக்கான். அவனைப் போய்ப் பாருங்க டீச்சர். எங்க தாத்தாவோட இடது கால்ல பாதிதான் எனக்கு, மீதிய அவன் வாங்கிட்டு வந்துட்டான்."

ஞாயிற்றுக்கிழமை மாலை காப்பாருக்குப் போனேன். மின்நிலையத்துப் புகைபோக்கிகள் தெரிகிற ஒரு படாங், வெறும் புல் திடல். கோல் கம்பத்துக்கு வலைகூடக் கிடையாது. பூக்கடைக்காரர் சொன்ன அடையாளத்தை வைத்துக் கண்டுபிடிக்க வேண்டிய அவசியமே வரவில்லை. எதிராளி பந்தோடு பாய்ந்து வந்தபோது இந்த ஆள் காலை நீட்டவில்லை, விழவில்லை. உடம்பைக் கொஞ்சம் சாய்த்து வழிவிடுகிற மாதிரி விட்டு, அவனை ஓரக்கோடு வரைக்கும் கூட்டிக்கொண்டு போய், அங்கே வைத்து இடது காலால் பந்தை எடுத்துக்கொண்டார். வானத்துக்கு அடிக்கவில்லை. தலையைத் தூக்கிப் பார்த்துத் தன் ஆளுக்குக் கொடுத்தார். வாய் ஓயாமல் பேசிக்கொண்டே இருந்தார். "விடு விடு, நான் வரேன். பின்னால ஆள் இருக்கு. திரும்பாத." "அடப்பாவி, இத்தனை நாள் எங்கடா இருந்த!" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். பக்கத்தில் மோட்டார் சைக்கிள் மேல் உட்கார்ந்திருந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

ஆட்டம் முடிந்ததும் விஷயத்தைச் சொன்னேன். "வீட்டுக்கு வாங்க டீச்சர், அம்மாகிட்ட சொல்லுங்க" என்றார். கல்யாண வயதில் இருக்கிற ஆண்பிள்ளை காற்பந்து ஆட அம்மாவிடம் ஏன் கேட்க வேண்டும் என்று நினைத்தேன். போன பிறகுதான் புரிந்தது.

அந்த அம்மா என் பெயரைக் கேட்கவில்லை. "எந்த லயம்?" என்றுதான் கேட்டார். சொன்னேன். அப்பா பெயரைச் சொன்னேன். சட்டென்று என் கையைப் பிடித்துக்கொண்டார். எங்கள் தோட்டத்திலேயே பிறந்து, பதினைந்து வயதில் பால் வெட்டப் போய், கல்யாணம் ஆகும்வரை அங்கேயே வேலை செய்தவர். புருஷன் காப்பார்க்காரர், செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்தவர், இறந்துவிட்டார்.

"எங்க அண்ணன் புள்ளைங்க எல்லாம் அந்தக் கப்புல ஆடிருக்காங்க மா. இவன் வருஷா வருஷம் போய் வேலிக்கு வெளிய நின்னு பாத்துட்டு வருவான். நீயும் வாடான்னு ஒருத்தன் கூப்புட்டதில்ல. நீதான் மொத ஆளு" என்றார். பிறகு என் கையை விடாமலே சொன்னார். "நம்ம தோட்டத்துக்கு இவன் ஒரு ஆட்டம் ஆடிட்டா போதும் மா. எனக்கு அது போதும்."

"ஒன்னு இல்ல அக்கா, கப் முழுக்க ஆடுவான்" என்றேன்.

பயிற்சி தொடங்கியது. மூன்று பேரும் ஒருவரை ஒருவர் புரிந்துகொள்ளக் கொஞ்ச நாள் ஆனது. யார் வெளியே போவது, யார் உள்ளே மூடுவது என்று முட்டிக்கொண்டார்கள். அப்புறம் ஒரு நாள் பூட்டில் சாவி விழுந்த மாதிரி அமைந்துவிட்டது. பூச்சோங் அணி ஒன்றோடு நட்பாட்டம் ஆடினோம். ஒரு கோலும் வாங்கவில்லை. கேப்டன் என்னிடம் வந்து, "டீச்சர், கோல்கீப்பருக்கு வேலையே இல்ல, கொட்டாவி விடுறான்" என்றார். நான் அந்த வாரம் முழுவதும் வகுப்பில்கூட யாரையும் திட்டவில்லை. பிள்ளைகள் பயந்துபோனார்கள்.

போட்டிக்குப் பெயர் கொடுப்பதற்கு முன்பு நிர்வாகக் கூட்டம். கிள்ளான் லிட்டில் இந்தியாவில் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடையின் மேல்மாடி. கமிட்டியில் அத்தனை பேரும் ஆண்கள். நான் பெயர்களைச் சொல்லச் சொல்லத் தலைவர் தலையாட்டிக்கொண்டே வந்தார். காப்பார் பெயர் வந்ததும் நிறுத்தினார்.

"இந்தத் தம்பி யார் வீட்டுப் புள்ள?"

சொன்னேன். மேட்டு லயத்து இன்னாருடைய பேரன் என்றேன். பூக்கடைக்காரரின் அத்தை மகன் என்றேன்.

"ஓ. பொண்ணு வழியா" என்றார். ரசத்தை ஊற்றச் சொல்லிக் கை காட்டினார். "அது ஆகாது டீச்சர். நம்ம வழக்கம் அப்பா வழிதான்."

வேடிக்கைக்குச் சொல்கிறார் என்று முதலில் நினைத்தேன். சிரிக்கக்கூடச் செய்தேன். வேறு யாரும் சிரிக்கவில்லை.

"அண்ணே, அதே தாத்தாவோட பேரன்தானே பிரிக்ஃபீல்ட்ஸ்ல இருக்காரு? அவருக்கு முட்டி நல்லா இருந்தா சேத்துக்குவீங்கதானே?"

"அவரு மகன் வழி."

"நம்ம ஸ்ட்ரைக்கரோட அப்பா தோட்டத்துல கணக்கெழுதுற கிராணியா வந்து ரெண்டே வருஷம் இருந்துட்டு மாத்தலாகிப் போனவரு. அது சரி. அங்கயே பொறந்து, இருட்டோட எழுந்து பால் வெட்டுன பொம்பள பெத்த புள்ள ஆகாது. அப்படித்தானே?"

"பொண்ணுங்கள கட்டிக் குடுத்துட்டா அப்புறம் அந்த ஊரு லா டீச்சர்."

"என்னையுந்தான் பூச்சோங்குக்குக் கட்டிக் குடுத்தாங்க. என்னை எதுக்குக் கூப்புட்டீங்க?"

"நீங்க வேற லா. நீங்க கோச்" என்றார், எனக்கு ஏதோ சலுகை கொடுத்தது போல. "கோவப்படாதீங்க டீச்சர். சாப்பிடுங்க."

பயிற்சி கொடுக்க நான் தோட்டத்துப் பெண். பிள்ளை பெற்றால் இல்லை. என் மகன் நாளைக்கு ஆட வந்தால் அவனையும் வாசலில் நிறுத்துவார்கள். மேசையைச் சுற்றிப் பார்த்தேன். கேப்டன் இலையில் இருந்த அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருந்தார். திடலில் அந்தப் பக்கம் வரை கேட்கிற குரல், அன்றைக்கு எங்கே போனதோ தெரியவில்லை. மற்றவர்கள் மும்முரமாகச் சாப்பிட்டார்கள். அக்கா தங்கை இல்லாதவர்களா இவர்கள்? மகள் இல்லாதவர்களா? நான் இலையை மூடிவிட்டு எழுந்தேன்.

பெயர் கொடுக்கும் வேலை பயிற்றுநருடையது. கொடுத்தேன். காப்பார் பெயரையும் சேர்த்துத்தான் கொடுத்தேன். ஏற்பாட்டாளர்கள் மேசையில் இருந்தவர் அடையாள அட்டையைப் பார்த்துத் தலையாட்டினார், முடிந்தது. இதில் எனக்கு அன்றும் உறுத்தல் இல்லை, இன்றும் இல்லை. அவர் தோட்டத்துப் பிள்ளை. நான் பொய் சொல்லவில்லை.

ஆட்ட நாளன்று காப்பார் தம்பி மட்டும் தயங்கினார். "டீச்சர், பிரச்சன ஒன்னும் இல்லையே?"

"இடது பக்கம் உன் வேலை தம்பி. மத்தது என் வேலை."

தலைவர் கண்ணில் உடனே படவேண்டாம் என்று முதல் பாதிக்கு அவருடைய அக்கா மகனையே இறக்கினேன். காப்பார் தம்பி ஜெர்சிக்கு மேல் ஒரு டீ-ஷர்ட்டை மாட்டிக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். தலைவர் கூடாரத்தில் பெரிய மனிதர்களோடு இளநீர் குடித்துக்கொண்டிருந்தார். அந்த அம்மா மகனின் மோட்டார் சைக்கிளில் காப்பாரிலிருந்து வந்திருந்தார். வேலிக்கு உள்ளே, ஓரக்கோட்டுக்குப் பக்கத்தில் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

கார்னர் கிக்கில் கேப்டன் தலையால் முட்டி ஒரு கோல் போட்டார். அதை வைத்துக்கொள்ள முடியவில்லை. எதிரணிப் பயிற்றுநர் முட்டாள் இல்லை. எல்லாப் பந்தையும் எங்கள் இடது பக்கமே அனுப்பினார். அக்கா மகன் உள்ளே திரும்பினார், வானத்துக்கு அடித்தார், திரும்பினார், அடித்தார். கடைசியில் கோலும் விழுந்தது. இடைவேளையில் அவரே என்னிடம் வந்தார், முகமெல்லாம் வேர்த்துக் கொட்ட.

"டீச்சர், என்னால முடியல. அவரைப் போடுங்க. மாமா கேட்டா நான்தான் சொன்னேன்னு சொல்லிக்குங்க."

காப்பார் தம்பி டீ-ஷர்ட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே போனார். அந்த அம்மா குடையை மடக்கிவிட்டு வெயிலில் நின்றார்.

அந்தப் பாதியை நான் என்னவென்று சொல்ல? இடது பக்கம் கதவைச் சாத்தியாயிற்று. வருகிறவனையெல்லாம் ஓரக்கோட்டுக்குக் கூட்டிப்போய்ப் பந்தை வாங்கிக்கொண்டு அனுப்பினார். எங்கள் இடது ஓரத்துக்காரர் பயமில்லாமல் மேலே ஓட ஆரம்பித்தார். காப்பார் தம்பி ஒரு பந்தை எடுத்துத் தலையைத் தூக்கிப் பார்த்து, அந்த ஓரத்துக்காரருக்கு முன்னால் உருட்டிவிட்டார். அங்கிருந்து நடுவுக்கு வந்தது, ஸ்ட்ரைக்கர் தட்டினார், கோல். எங்கள் ஆட்கள் எல்லோரும் ஓடிப்போய் ஸ்ட்ரைக்கரைத் தூக்கினார்கள். நான் மட்டும் இடது பக்கத்தைப் பார்த்துக் கத்தினேன்.

அப்போதுதான் தலைவர் கூடாரத்திலிருந்து எழுந்து ஏற்பாட்டாளர்கள் மேசைக்கு நடந்து போனார். வேகமாகப் போகவில்லை. சட்டையைச் சரிசெய்துகொண்டு போனார். குனிந்து ஏதோ சொன்னார். மேசையில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். விசில் ஊதினார்கள். ஆட்டம் நின்றது.

எதிரணி புகார் செய்துவிட்டது என்று நினைத்து அவர்கள் பயிற்றுநரிடம் சண்டைக்குப் போனேன். அந்த மனிதர் இரண்டு கையையும் தூக்கினார்.

"டீச்சர், சத்தியமா நாங்க வாயே தொறக்கல. உங்க ஆளுதான் போய் இவன் எங்க டீம் இல்லன்னு சொல்லியிருக்காரு."

எங்கள் ஆள். ஜெயித்துக்கொண்டிருக்கும் தன் அணியின் மேல் தானே புகார் கொடுத்த ஒரு தலைவரை நீங்கள் எங்கேயாவது கேள்விப்பட்டிருக்கிறீர்களா? சொந்த அணியில் சேராதவனை இறக்கியதால் ஆட்டம் எதிரணிக்கு என்று அறிவித்தார்கள். நான் தலைவருக்கு நேரே போய் நின்றேன்.

"என்ன காரியம் பண்ணீங்க அண்ணே?"

அப்போதும் அதே மெதுவான குரல். "வழக்கத்த மீற முடியாது டீச்சர். இன்னிக்கு ஒருத்தன விட்டா நாளைக்கு எல்லா பொண்ணு வீட்லேருந்தும் வந்து நிப்பாங்க."

"வரட்டுமே! வந்தா என்ன கெட்டுப்போச்சு? வருசா வருசம் ஆள் இல்ல ஆள் இல்லன்னு அழுவுறீங்களே, வரட்டுமே!" என்று கத்தினேன். படாங் முழுக்க எங்களைப் பார்த்தது. அவர் சுற்றிலும் பார்த்துச் சங்கடமாகச் சிரித்தார்.

அந்த அம்மா இன்னும் ஓரக்கோட்டில்தான் நின்றிருந்தார். "ஏம்மா நிறுத்திட்டாங்க? ஆள மாத்துறாங்களா?" என்று கேட்டார்.

மறைத்து என்ன ஆகப்போகிறது? சொன்னேன். பெண் வழி என்பதால் சேர்க்க மாட்டார்களாம் என்று சொன்னேன். நான் அவர் தோளில் கை வைத்தேன்.

"அழுவல மா. எரியுது" என்றார்.

மகன் திடலிலிருந்து வந்துகொண்டிருந்தார். வந்துகொண்டே ஜெர்சியைத் தலைக்கு மேல் உருவப் போனார். அந்த அம்மா போட்ட சத்தத்தில் கூடாரத்தில் இருந்தவர்கள்கூடத் திரும்பினார்கள்.

"கழட்டாத! போட்டுக்கிட்டே வா."

அவர் போட்டுக்கொண்டே மோட்டார் சைக்கிளில் ஏறினார். அந்த அம்மா பின்னால் உட்கார்ந்து, முதுகில் இருந்த தோட்டத்தின் பெயர் மேல் கையை வைத்துக்கொண்டார். இருவரும் காப்பார் சாலையில் போய்விட்டார்கள்.

நான் அன்றைக்கே விலகினேன். மறுவாரம் தலைவர் போன் செய்தார். நலம் விசாரித்தார். பிறகு, "அந்த ஜெர்சி டீமோடது டீச்சர், கொஞ்சம் வாங்கித் தரணும்" என்றார்.

"அந்த அக்கா வீட்டுல இருக்கு. நீங்களே போய், எதுக்குக் கேக்குறீங்கன்னு அவங்க மூஞ்சிக்கு நேரா சொல்லி வாங்கிக்குங்க" என்றேன்.

இதுவரை யாரும் போகவில்லை.